நாள் தள்ளிப்போன பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது

1990களின் தொடக்கத்தில் ஒரு தந்தை சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார். மகளுக்கு வயது சுமார் 16. கருவுற்றிருந்தாள். கருவைக் கலைக்க உத்தரவிட வேண்டும் என்பது தந்தையின் கோரிக்கை. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவளுக்குக் கருக்கலைப்பு செய்யக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். காப்பாளரே சம்மதிக்கும்போது வேறென்ன தடை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மகள் மறுத்தாள். பிள்ளையைப் பெற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நீதிமன்றம் அவள் சொன்னதைக் காதில் வாங்கியது. விருப்பம் இல்லாதவளின் கருவைக் கலைக்கச் சொல்ல முடியாது என்று தந்தையின் கோரிக்கையை மறுத்தது.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் பல குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பின் சாரம் போய்ச் சேரவில்லை. முட்டுக்காடு, கோவளம், கானத்தூர் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக இருக்கும் குப்பங்களிலும் சரி, கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளிலும் சரி, ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் “யார் அந்தப் பையன்?”, “வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?” என்ற இரண்டு கேள்விகள்தான் முதலில் எழுகின்றன. “உனக்கு என்னம்மா வேணும்?” என்ற கேள்விக்கு முறை வருவதே இல்லை. சட்டம் என்ன சொல்கிறது, மருத்துவமனையில் என்ன நடக்கும், காலக்கெடு எவ்வளவு என்பதை அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 6.3 பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 2015-16 கணக்கெடுப்பில் இது 5 ஆக இருந்தது. அதே இடைவெளியில் நாடு முழுவதற்குமான எண் 7.9இல் இருந்து 6.8 ஆக இறங்கியது. நாடு இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம். இவர்களில் 18, 19 வயதில் முறையாகத் திருமணம் ஆனவர்களும் உண்டு. ஆனாலும் அதே கணக்கெடுப்பின்படி 20 முதல் 24 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு 18 நிறையும் முன்பே கழுத்தில் தாலி ஏறிவிட்டது. “காதல்னு ஓடிப்போறதுக்கு முன்னாடி நாமே கட்டிக் கொடுத்துடலாம்” என்ற பயத்துக்கும் இதில் பங்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் புரிந்துகொள்ள வேண்டியது காலக் கணக்கு. உறவு வைத்துக்கொண்ட நாளிலிருந்து மருத்துவர்கள் வாரத்தை எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஜூன் 1ஆம் தேதி மாதவிலக்கான பெண்ணுக்கு ஜூலையில் வரவில்லை என்றால், அது தெரியும் நாளிலேயே நான்கு வாரம் ஓடிவிட்டது. இந்த வயதில் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம் என்பதால் அவளும் “அடுத்த மாசம் வந்துடும்” என்று விட்டுவிடுவாள். மாத்திரை கொண்டு கலைப்பதற்கான 9 வாரம் ஆடிப்பெருக்கோடு முடிந்துவிடும். செப்டம்பர் பிறக்கையில் 13 வாரம். “ஏன் ரெண்டு மாசமா துணி வாங்கலை?” என்று அம்மா கேட்பது பெரும்பாலும் அப்போதுதான். காலாண்டுத் தேர்வு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளினால், அக்டோபர் 19இல் 20 வாரம், நவம்பர் 16இல் 24 வாரம் ஆகிவிடும்.

இந்த வாரங்களை ஒட்டித்தான் சட்டத்தின் படிகள் அமைந்திருக்கின்றன. மருத்துவ முறை கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது, 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும், அதுவும் விதிகள் குறிப்பிடும் சில பிரிவினருக்கு மட்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அந்தப் பிரிவினரில் அடக்கம். திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 24 வாரம் தாண்டினால் நிலைமை வேறு. சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னாலோ, தாயின் உயிருக்கே உடனடி ஆபத்து என்றாலோ ஒழிய, நீதிமன்றக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். பத்தாம் வாரத்தில் எளிதாக முடிந்திருக்க வேண்டியது, தள்ளிப்போட்டதால் வழக்கறிஞர், மனு, மருத்துவக் குழு என்று இழுபடும். அந்த அலைச்சலைத் தாங்க வேண்டியவள் பள்ளிக்கூடப் பிள்ளை.

காப்பாளர் விஷயத்தில் பலரும் தவறாக நினைத்திருக்கிறார்கள். அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரே இந்தச் சட்டத்தின்படி காப்பாளர். அம்மா வெளியூரில் வேலை செய்ய, பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பெண் என்றால் அவர்கள் கையெழுத்திடலாம். 18 நிறைந்துவிட்டால் அவள் ஒருத்தியின் சம்மதமே போதும். கல்லூரி மாணவியிடம் “வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வா” என்று கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை.

இனி, வீட்டார் நடுங்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு பாலியல் உறவு கொள்வது குற்றம். அவளே விரும்பினாள் என்பது சட்டத்தின் முன் நிற்காது. திருமணம் முடித்துவிட்டார்கள் என்பதும் நிற்காது. 18 நிறையாத மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்ச்சியே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி ஒன்று நடந்ததை அறிந்தவர், மருத்துவர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவருக்குத் தண்டனை. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம் இது, அதன் தேவையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்த இடத்தில் அது வேறொன்றையும் செய்கிறது. மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும் என்ற பயத்தில் குடும்பம் மருந்துக்கடைக்கோ போலி டாக்டரிடமோ போகிறது. இளம்பருவக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் கூறினார். ஆனாலும் சட்டத்தில் வயது மாறவில்லை.

இந்தப் பயத்துக்கு ஓரளவு மருந்து 2022ஆம் ஆண்டின் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் இது நடக்கும். ஆகவே மருத்துவரைப் பார்த்ததும், “எங்க பொண்ணு பேரு வெளியே போகக்கூடாது டாக்டர், அப்படிச் சட்டம் இருக்குதுன்னு தெரியும்” என்று அம்மா வாய் திறந்து சொல்ல வேண்டும். தயங்க வேண்டாம்.

மருத்துவமனைக்குள்ளும் இரகசியத்துக்கு ஏற்பாடு உண்டு. கருக்கலைப்புக்கான அனுமதிப் பதிவேட்டில் மட்டும்தான் பெயர் இருக்கும். அது இரகசிய ஆவணம். மற்ற தாள்களில் வரிசை எண்ணைத்தான் எழுத வேண்டும். பெயரை வெளியே விடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதேபோல, வன்முறையால் கருவுற்றவள் கருக்கலைப்புக்கு முன்பு எஃப்.ஐ.ஆர். காட்ட வேண்டும் என்று எந்த மருத்துவமனையும் நிபந்தனை போட முடியாது. அவளுக்கு உடனடி இலவச சிகிச்சை தருவது அரசு, தனியார் இரண்டுக்கும் கடமை.

மாத்திரை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகளையும் மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் இந்த முறை பாதுகாப்பானது. கள்ளத்தனமாக வாங்கி, தோழியின் விடுதி அறையில் விழுங்குவதில்தான் ஆபத்து. கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டி உயிர் போகும். வாரக் கணக்கு தப்பாக இருந்தால் பாதி கலைந்து பாதி உள்ளே தங்கிச் சீழ்பிடிக்கும். ஏற்கெனவே இரத்தசோகையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போனாலே தாங்காது. மணிக்கு இரண்டு நாப்கின் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சலும் தாங்க முடியாத வயிற்று வலியும் வந்தாலோ அந்த நிமிடமே 108க்கு அழைக்க வேண்டும். என்ன விழுங்கினாள் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பப்பாளிக்காய், எள்ளுருண்டை, கருப்பட்டி என்று வீட்டில் செய்து பார்ப்பவை கருவைக் கலைப்பதில்லை, நாளைத்தான் கடத்துகின்றன.

கருக்கலைப்பு மாத்திரை வேறு, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை வேறு. பின்னது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். உண்டான கருவை அது ஒன்றும் செய்யாது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று நாடு முழுக்க அனுமதி இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது பல ஆண்டுகளாக அரிதாகவே கிடைக்கிறது. கருத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே வாதிட்ட மண்ணில், மூன்று நாளுக்குள் கிடைக்க வேண்டிய மாத்திரைக்காக ஒரு பெண் கடை கடையாக அலைய வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

முட்டுக்காட்டுக்காரர்கள் எங்கே போவது? சிறுநீர்ப் பரிசோதனைக்கும் முதல் ஆலோசனைக்கும் ஊர் நர்ஸம்மாவிடமோ கேளம்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகலாம். தெரிந்த முகம் இருக்குமே என்று கூச்சப்பட்டால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னைப் பக்கம் பஸ் ஏறினால் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. கருக்கலைப்புக்கு அரசு மருத்துவமனையாக இருக்க வேண்டும், அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையாக இருக்க வேண்டும். அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னால்? அதையும் அதே மரியாதையோடு கேட்க வேண்டும். உடல் முழுமையாக வளராத வயதில் பிரசவம் என்றால் இரத்த அழுத்தம், இரத்தசோகை, குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் கூடுதல். பயமுறுத்துவதற்காக அல்லாமல், அவள் முடிவெடுப்பதற்காக இவற்றைச் சொல்ல வேண்டும். முடிவு அதுதான் என்றால் முதல் மாதங்களிலேயே பதிவு செய்து, பெரிய மருத்துவமனையில் பிரசவம் பார்க்க வேண்டும். பெற்றபின் வளர்க்க முடியாது என்றால், குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் தருகிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குப்பைத்தொட்டியிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு ஓட வேண்டிய தேவையே இல்லை. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது.

முட்டுக்காட்டிலேயே பல வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. சண்டிகர் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடு கொண்ட பெண் வன்முறையால் கருவுற்றாள். நிர்வாகம் கலைக்க விரும்பியது, அவள் குழந்தை வேண்டும் என்றாள். அவள் 18 கடந்தவள், அவள் சம்மதமின்றிக் கலைக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பெறுவதா வேண்டாமா என்ற தெரிவு அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொன்னது.

2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுப் பெண்ணின் வழக்கில் இதே கேள்வி மீண்டும் வந்தது. ஏறக்குறைய 30 வாரக் கருவைக் கலைக்க ஏப்ரல் 22இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மகளின் உடல்நிலை குறித்துப் பெற்றோர் அஞ்சி மனம் மாறியதால், ஏப்ரல் 29இல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. காப்பாளரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் வேறுபட்டால், முடிவெடுக்கும்போது சிறுமியின் கருத்தை முக்கியமாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கலைக்க மறுப்பவளுக்கு மட்டுமல்ல, கலைக்க வேண்டும் என்று கெஞ்சியும் “கல்யாணம் பண்ணி வச்சிடறோம், பெத்துக்கோ” என்று வாயடைக்கப்படுபவளுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத நிலையில் இதைப் படிக்கும் பெண்ணுக்கு: 1098, குழந்தைகளுக்கான இலவச உதவி எண். 181, பெண்களுக்கானது. உடல்நல ஆலோசனைக்கு 104. கடைசியாக மாதவிலக்கான தேதியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழை. முதலில் அதைத்தான் கேட்பார்கள்.