தாத்தாவின் மாத்திரையும் பேரனின் போனும்

இன்று நமது லயங்களில் கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கொழும்பில் வேலை செய்யும் மகன் மகளோடு பேசுகிறோம். அதே போன் வீட்டிலுள்ள பெரியவர்களின் சுகத்தைக் காக்கவும் உதவும். அது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

வேலையிலிருந்து நின்ற பெரியவர்கள் பலருக்குப் பிரஷர் அல்லது சீனி வருத்தம் இருக்கிறது. இவை ஆரம்பத்தில் நோவு எதுவும் காட்டுவதில்லை. ஆகவே, "இப்பதான் நல்லா இருக்கேனே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறோம் என்பது மறந்துபோகிறது. பிரஷர் கட்டுப்படாவிட்டால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடலாம், வெடிக்கவும் செய்யலாம். கை கால் இழுத்துக்கொள்வது இதனால்தான். கட்டுப்படாத சீனி கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றைக் கெடுக்கும்.

போனில் வரும் ஞாபகமூட்டல் பழக்கத்தை மாற்றுமா என்று கேட்கலாம். தென்னிந்தியாவில் சீனி வருத்தம் வரக்கூடிய நிலையில் இருந்த 537 ஆண்களை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் முதலில் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை கொடுக்கப்பட்டது. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் போனில் குறுஞ்செய்திகளும் தொடர்ந்து போயின. இரண்டு வருடத்தில், செய்தி கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சீனி வருத்தம் வந்தது. செய்தி கிடைத்தவர்களில் 18 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் வயதானவர்கள் அல்லர், 35 முதல் 55 வயது வரையானவர்கள். ஆனாலும் அடிக்கடி ஞாபகப்படுத்தினால் பலன் உண்டு என்பது இதில் தெரிகிறது.

நம் வீட்டில் செய்யக்கூடியவை இவை:

முதலாவது, மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்கள். சின்ன பட்டன் போனிலும் இது முடியும். சிக்னலும் வேண்டாம், ரீலோட்டும் வேண்டாம். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

இரண்டாவது, எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தில் செய்தி அனுப்பிப் பயனில்லை. வெளியில் இருக்கும் பிள்ளைகள் குரலில் பேசி அனுப்புங்கள்; இல்லாவிட்டால் தினமும் ஒரே நேரத்தில் கோல் எடுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "மாத்திரை போட்டாச்சா? இன்னைக்கு நடந்தீங்களா?" என்றும் கேளுங்கள். வாரத்தில் 5 நாள், நாளைக்கு 30 நிமிடம் நடப்பது நல்லது. முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம்.

மூன்றாவது, கிளினிக் திகதியைப் போனில் குறித்து, முதல் நாளே மணி அடிக்கும்படி வையுங்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து வைத்தால், அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டருக்குக் காட்டலாம்.

நான்காவது, உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகவே போதும். கருவாடு, ஊறுகாயில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். தேத்தண்ணிக்குப் போடும் சீனியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பழக்குங்கள்.

போனில் நல்லதும் வரும், பொய்யும் வரும். "இந்தச் சாற்றைக் குடித்தால் சீனி அடியோடு போகும், மாத்திரையை விடுங்கள்" என்று யார் அனுப்பினாலும் நம்ப வேண்டாம். கிளினிக்கில் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டம், டிவிஷன், லயம், பாதை எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த இலக்கத்தைப் பெரியவர்களின் போனிலும் பதிந்து வையுங்கள்.

அலாரம் மணி மட்டுந்தான் அடிக்கும். தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். அந்தப் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளையிடம் இன்றைக்கே ஒப்படையுங்கள். மலையில் உழைத்து நம்மை ஆளாக்கியவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.