குழம்பியுள்ள எழுத்துக்கள்

நாளிதழைக் கையிலெடுத்ததும் தலையங்கத்தைப் படியாது குறுக்கெழுத்துக் கட்டத்தைத் தேடுவோர் நம்மிற் பலர். அவர்களுள் யானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. இலக்கணம் கற்பிப்போன் இத்தகைய சிறுவர் விளையாட்டிற் பொழுது போக்கலாமோ என்று என் நண்பரான புலவர் ஒருவர் கடிவதுண்டு. தண்டியலங்காரம் கற்ற அவர் அவ்வாறு கடிதல் தகாது. எழுத்து நீங்க நீங்க வேறு சொல்லாய் நிற்கும் அக்கரச்சுதகமும், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே வாசிக்கப்படும் மாலைமாற்றும், சுற்றி வாசிப்பினும் அச்செய்யுளாகவே வரும் சுழிகுளமும் சித்திரகவி என்று போற்றப்படுமாயின், கட்டத்துள் எழுத்தடைக்கும் இவ்விளையாட்டு மட்டும் எவ்வாறு இழிந்ததாகும்?

ஆயினும், இதுவும் நம் முன்னோர் கண்டதே என்று பெருமை பேச நான் வரவில்லை. லிவர்பூலிற் பிறந்து அமெரிக்கா சென்ற ஆர்தர் வின் என்பார் 1913 டிசெம்பர் 21 இல் ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் வைர வடிவான கட்டமொன்றை வெளியிட்டார், அதுவே தொடக்கம். இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகை 1930 வரை இதற்கு இடங்கொடாது நின்று பின்னர் இணங்கியது.

தமிழிற் கட்டம் நிரப்புவதில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சுவை உண்டு. அங்கே ஒரு கட்டத்துள் நிற்பது 26 எழுத்துள் ஒன்று; இங்கே 247 எழுத்துள் ஒன்று. ஆகவே குறுக்கே வரும் ஓரெழுத்துக் கிடைத்தாலே பாதி விடை கிடைத்தவாறாம். புள்ளியெழுத்து விழுந்த கட்டத்திற் சொல் தொடங்காது. ற, ன முதலியன மொழிக்கு முதலாகா. நன்னூலில் இவற்றை மனப்பாடஞ் செய்து மறுநாள் மறக்கும் மாணவன், பென்சிலும் அழிறப்பருமாகக் கட்டத்தின் முன் அரைமணி நேரம் இருந்தானாயின் பின் மறவான்.

இனி வழக்குகளுக்கு வருவோம். சந்தியைப் பற்றிய வழக்கு முதலாவது. ‘தமிழ்ப்பள்ளி’ என்பதற்கு ஏழு கட்டம் வேண்டும். ஆறே உள்ளதென்று கண்டு பகரவொற்றை விழுங்கிவிடுகிறார் புதிர் அமைப்பவர். வகுப்பில் நாம் சிவப்பு மையாற் சுழிப்பதை அவர் அச்சேற்றுகிறார்!

இரண்டாவது இதனினும் பெரிது. என் மாணவன் ஒருவன் ஒரு பத்திரிகைக்கு விடை அனுப்பினான். ‘நெல் விளையும் இடம்’ என்பது குறிப்பு, மூன்றெழுத்து, முதலெழுத்து ‘க’ என்று குறுக்குச் சொல்லால் தெரியும். மற்றை இரண்டு எழுத்துக்கும் வேறு சான்றில்லை. அவன் தந்தையார் கமக்காரர். வீட்டிற் ‘கமம்’ என்றே வழங்குபவன், நான் படிப்பித்த செய்யுட்சொல்லில் ஆசைகொண்டு ‘கழனி’ என்று எழுதினான். வெளிவந்த விடை ‘கமம்’. சிறிய பரிசுதான், போனாற் போகட்டும். “ஐயா, கழனி பிழையான சொல்லோ?” என்று அவன் கேட்டபோது, “சொல்லிற் பிழையில்லை, வினாவிலேதான் பிழை” என்றேன். நம்பினானோ, அறியேன், அதன்பின் அவன் கட்டுரைகளில் அச்சொல்லை நான் கண்டதில்லை. நடுவெழுத்தின் வழியே ‘பழம்’ கீழிறங்கியிருந்தாற் கழனி. ‘குமரி’ இறங்கியிருந்தாற் கமம். இவ்வளவு செய்ய அமைத்தவருக்கு எத்துணை நேரம் செல்லும்?

எல்லாவற்றிலும் கொடியது ‘குழம்பியுள்ளது’ என்னும் அடைப்புக்குறி. ஆங்கிலப் புதிரிலும் எழுத்துக்கள் குழம்பும். ஆயின் அங்கே குழம்பியவை குறிப்பிலேயே தரப்படும். தீர்ப்பவன் அவற்றைச் சீர்செய்து எழுதுவான். நம்மவரோ, சரியான சொல்லைக் கண்டுபிடித்தவனையே அதனைக் குலைத்து எழுதுமாறு பணிக்கின்றனர். எவ்வாறு குலைப்பது? கழனியின் மூன்றெழுத்தும் 6 வகையாக நிற்கும். செவ்வியது ஒன்று போகக் குழம்பியவை 5. வெவ்வேறான நான்கு எழுத்தாயின் 23. குறுக்குச் சொற்கள் போதிய சான்று கூறினாலன்றி எஞ்சுவது குருட்டு ஊகமே. இந்தியாவிற் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்த 1955 இல் எழுந்த சட்டம், வெற்றி பெரிதும் திறமையைச் சார்ந்த போட்டிகளைக் கட்டாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1957 இல் தீர்ப்பளித்தது. ஐந்தில் ஒன்றை ஊகித்தெழுதும் புதிர் அத்தீர்ப்பின் எப்பக்கத்தில் நிற்குமென்பதை வாசகரே சொல்லட்டும்.

‘சிமெனீஸ்’ என்னும் புனைபெயருடன் ‘ஒப்சேவர்’ பத்திரிகையிற் பல்லாண்டு புதிர் அமைத்த மக்நட் என்பாரும் நம்மைப் போலப் பள்ளியாசிரியரே. கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தவர். குறிப்பிற் சொல்லின் பொருள் இருக்கவேண்டும், அச்சொல்லை நேர்மையாகக் கட்டும் வழி இருக்கவேண்டும், வேறெதுவும் இருத்தலாகாது என்று 1966 இல் நூலே எழுதினார். ஏமாற்றலாம், பொய் சொல்லலாகாது. சிலேடையிற் காளமேகம் செய்ததும் அதுவேயன்றோ?

தமிழுக்கு இது அரிதன்று. ‘முளைப்பது: கவிதை தலையிழந்தது’ என்று குறித்து இரண்டு கட்டம் கொடுத்தால் ‘விதை’ என்று எவரும் காண்பர், கண்டபின் வேறொரு விடைக்கு அங்கே இடமில்லை. ‘விகடகவி’ என்பதற்குத் ‘திரும்பியுள்ளது’ என்று குறிப்பதையும் வேண்டுமானால் மன்னிக்கலாம். எப்படித் திரும்பினாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. இன்னொன்றை அமைத்துப் பார்த்தேன்: ‘தோட்டத்தை ஆள்பவர், மதுரையின் தலை போயிற்று.’ இரண்டு எழுத்து.