நாற்றழுகலைத் தடுக்கும் நன்மைக் கிருமி

மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் தோட்டஞ் செய்யும் கமக்காரர் நன்கறிந்த நட்டம் ஒன்றுண்டு. மாலையில் நிமிர்ந்து நின்ற கத்தரி, மிளகாய் நாற்றுகள் காலையில் அடித்தண்டு மெலிந்து சாய்ந்து கிடக்கும். இதுவே நாற்றழுகல். மண்ணிலுள்ள பங்கசுகளும் அவற்றையொத்த நுண்ணுயிர்களும் இதற்குக் காரணமாகும்.

இவற்றை எதிர்க்கும் உயிரும் மண்ணிலேயே உண்டு. அது பசில்லசு சப்டிலிசு எனும் பற்றீரியா. வைக்கோல் ஊறிய நீரிலும் இது காணப்படும்.

இது எவ்வாறு பயன்படுகின்றது?

இப்பற்றீரியா சவர்க்காரத்தை ஒத்த பொருள்களைச் சுரக்கின்றது. அவற்றின் ஒரு பகுதி நீரையும், மறுபகுதி கொழுப்பையும் நாடும். பங்கசின் உயிரணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு கொழுப்பாலானது. இப்பொருள்கள் அதனுட் புகுந்து துளையிட, உள்ளிருப்பவை கசிந்து பங்கசு மடியும். இவற்றுள் இத்துரின் என்பது கொங்கோ நாட்டின் இத்தூரிப் பகுதி மண்ணிலிருந்து கிடைத்தமையால் அப்பெயர் பெற்றது. சேர்பக்டின் 1968 இல் யப்பானியரால் அறிவிக்கப்பட்டது. இது பற்றீரியா வேரிற் படர்ந்து தங்கவும், பயிரின் எதிர்ப்பாற்றல் விழித்தெழவும் உதவும்.

நெல்லின் எரிபந்தம், மடல் கருகல் ஆகியவற்றின் பங்கசுகளையும் இப்பொருள்கள் அடக்குதல் ஆய்வுகூடங்களிற் காணப்பட்டுள்ளது. வயலிற் கிடைக்கும் பலனோ மண்ணையும் ஈரத்தையும் பொறுத்து வேறுபடும்.

கையாளும் முறை

1. நோய் தோன்றுமுன் இடுதல் வேண்டும். சாய்ந்த நாற்றை இது நிமிர்த்தாது.

2. விதையுடன் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். மக்கிய எருவுடன் கலந்து நாற்றுமேடையிலும் இடலாம்.

3. உறையிற் குறித்த அளவையே கைக்கொள்க. சூடோமோனசு எனும் வேறொரு நன்மைப் பற்றீரியாவின் தூளை விதை 1 கிலோவுக்கு 10 கிராம் வீதம் கலக்குமாறு கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது.

4. செப்பு மருந்துகளுடன் கலத்தலாகாது.

5. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு பெற்றதும், காலாவதியாகாததுமான தூளையே வாங்குக.

பசில்லசு வித்தியாக உறங்கி வெப்பத்தையும் வரட்சியையும் தாங்கவல்லது. ஆதலின் நமது வரண்ட பகுதிக்கு ஏற்றது. எனினும், நீர் தேங்கும் மேடையையும் நெருங்கிய விதைப்பையும் எம்மருந்தும் ஈடுசெய்யாது. மேடையை உயர்த்தி, ஐதாக விதைத்து, அளவாக நீரூற்றுவோருக்கே இந்நன்மைக் கிருமி முழுப்பயன் அளிக்கும்.