மாதவிலக்கும் கல்லூரி நாள்காட்டியும்

ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்று சொல்லப்படும் திருத்தணி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில், நாள் எண்ணிப் பார்ப்பது பெண்களுக்குப் பழகிய வேலை. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி நேர்ந்துகொண்ட வீட்டில், அன்றைக்குத் ‘தூரம்’ எனப்படும் மாதவிலக்கு வந்துவிடுமோ என்ற கணக்கு விரதம் தொடங்குமுன்பே போடப்பட்டுவிடும். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவாளர் ஊர்களிலிருந்து திருத்தணிக்குப் பேருந்தில் வந்து படிக்கும் மாணவியருக்கு, அதே கணக்கு இப்போது செய்முறைத் தேர்வு, விளையாட்டு விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று நீண்டிருக்கிறது.

கணக்கு ஒத்துவராதபோது மருந்துக் கடையில் தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது, ‘தள்ளிப்போடுற மாத்திரை’ எனப்படும் நோரெத்திஸ்டிரோன். கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீரின் செயற்கை வடிவமாகிய இதை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வந்துவிடும். இரத்தம் உறையும் கோளாறோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதால், அக்காவின் அட்டையில் மீந்த மாத்திரையை வாங்கி விழுங்குவது கோயிலுக்காக இருந்தாலும் கோகோ போட்டிக்காக இருந்தாலும் ஆபத்தான வழக்கமே.

தள்ளிப்போடாதவர்களுக்கு வலி இருக்கிறது. உதிரும் சவ்விலிருந்து சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பைத் தசையை இறுக்குவதால் அடிவயிறும் இடுப்பும் வலிக்கின்றன. இபுபுரூஃபென் போன்ற மருந்துகள் அந்தச் சுரப்பையே குறைப்பவை என்பதால், வலி தொடங்கும்போதே உண்டால்தான் நன்கு பயன்தரும். முதல் மணிநேர வகுப்பிலிருந்து பல்லைக் கடித்துப் பொறுத்திருந்துவிட்டு மதியத்துக்குமேல் மாத்திரை தேடும் மாணவி, பொறுமைக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் அரைநாள் விடுப்பு. அந்த அரைநாள்களைக் கணக்கில் எடுத்த மாநிலம் கேரளம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் காட்டிய வழியில், 2023 ஜனவரியில் அங்கு மாணவியருக்குக் கட்டாய வருகைப்பதிவு 75 விழுக்காட்டிலிருந்து 73 ஆகக் குறைக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான், ஆனால் 90 வேலை நாள் கொண்ட பருவத்தில் 2 விழுக்காடு என்பது இரண்டு முழு நாள்கூட ஆகாது, மாதவிலக்கோ அதற்குள் நான்கைந்து முறை வந்துபோகும்.

தமிழ்நாட்டில் பேசப்படுவது பெரும்பாலும் நாப்கின் பற்றியே. வளரிளம் பெண்களுக்கு இலவசமாக வழங்கும் ‘புதுயுகம்’ திட்டம் 2012இல் தொடங்கியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சுகாதாரமான முறைகளையே பயன்படுத்துகின்றனர். ஆயினும் புதுயுகம் தருவது ஆண்டுக்கு ஆறு நாப்கின் கொண்ட 18 பொட்டலம், அதாவது மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் போக்குக்கு நாளொன்றுக்கு இரண்டுகூடத் தேறாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற மருத்துவ அறிவுரை, காலை ஏழரைப் பேருந்தைப் பிடித்து மாலை ஐந்துக்கு வீடு திரும்புபவளிடம் நாப்கினை மட்டும் கேட்கவில்லை, நடுப்பகலில் மாற்றுவதற்கு ஓர் இடத்தையும் கேட்கிறது. அந்த இடம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். தண்ணீர் வராத குழாயைவிட, உட்பக்கத் தாழ்ப்பாள் இல்லாத கதவுதான் மாணவியரைப் பின்வாங்கச் செய்யும்.

முகாம்களில் இந்தக் குறை கூர்மையாகத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள் நடப்பது, ஓர் அணிக்கு 50 பேர் வரை செல்வது. சுழற்சி 28 நாள், போக்கு ஐந்து நாள் என்று கொண்டால், ஏழு நாள் முகாமோடு அது ஒரு நாளாவது மோதும் வாய்ப்பு 28க்கு 11. ஐம்பதும் மாணவியரே என்றால் ஏறத்தாழ 20 பேர் முகாமின்போதே மாதவிலக்கில் இருப்பார்கள். ஆகவே அதை எதிர்பாராத தொல்லையாகக் கருதி, பொறுப்பாசிரியையிடம் தனித்தனியே வந்து சொல்லட்டும் என்று விடுவது கணக்குத் தெரியாத ஏற்பாடு. ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தங்குமிடமாகப் பார்க்கப் போகிறவர் அரிசி மூட்டைக்கும் பாய்க்கும் இடம் பார்க்கும்போதே, கழிப்பறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், இரவில் அங்கே விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம், இருபது பேர் முகாம் முடியும்வரை போடுவதை மூடி வைக்கும் அளவுக்கு ஒரு கூடையையும் பழைய செய்தித்தாள் கட்டையும் பட்டியலில் சேர்க்கலாம்.