துறைமுக முனையத்துக்கு மறுபடி ரயில் வருமா?

மட்டாஞ்சேரியில் ஐம்பதைத் தாண்டிய தமிழர் யாரையும் கேட்டுப் பாருங்கள். பாலம் கடந்து வெலிங்டன் தீவிலுள்ள கொச்சி துறைமுக முனையத்தில் டீ கார்டன் எக்ஸ்பிரஸ் ஏறி, இரவெல்லாம் தூங்கித் திருச்சியில் இறங்கிய கதையைச் சொல்வார்.

பிரிஸ்டோ துரை காயலைத் தோண்டிய மண்ணால் உண்டாக்கிய தீவு அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு பயணிகள் வண்டிகள் நின்றுபோயின. டீ கார்டன், காரைக்கால் எக்ஸ்பிரஸாகி எர்ணாகுளத்தோடு நின்றுகொண்டது.

அன்று முதல் பயணிகளும் வியாபாரிகளும் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. பலனாக, 2018 செப்டம்பரில் எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு ஒரு டெமு வண்டி விட்டார்கள். ஆள் ஏறவில்லை என்று சீக்கிரமே நிறுத்தியும் விட்டார்கள். எப்படி ஏறுவார்கள்? அவ்வளவு தூரத்துக்குத் தோப்பும்படியில் பஸ் இருக்கிறதே! கேட்டது ஊருக்குப் போகும் வண்டி. வந்ததோ எர்ணாகுளம் வரை.

ரயில்வே சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி எழுதலாமா என்கிறாள் என் மனைவி. தண்டவாளம் சும்மா கிடக்கிறதே, நான் என்ன செய்ய?

வெளிப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகுட்டி, மூட்டைகளோடு கிளம்பினால், எர்ணாகுளம் போய்ச் சேரும் ஆட்டோக் கூலியே கையைக் கடிக்கிறது. காரைக்கால் வண்டி தீவிலிருந்தே புறப்பட்டால் அந்தச் செலவு மிச்சம். அடுத்த மனுவில் "ரயில் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், இந்த வண்டியின் பெயரையே எழுதிக் கொடுக்கலாம்.