உங்களுக்குத் தெரியுமா? வெண்டைக்காய்க்குள் ஒரு பூ!

வாழ்த்து அட்டை செய்யக் கடைக்கு ஓடாதீர்கள். காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். அங்கே ஓர் அச்சுக்கூடமே இருக்கிறது!

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குங்கள். கொழகொழப்பைத் துணியால் ஒற்றி எடுங்கள். போஸ்டர் கலரில் தொட்டு அட்டையில் வையுங்கள். பூ! பெரும்பாலும் சரியாக 5 இதழ்! காம்பை வெட்டிவிடாதீர்கள், அதுதான் கைப்பிடி!

வாழை இலையின் மட்டையை வெட்டிய முகத்தைக் கவனித்ததுண்டா? உள்ளே முழுக்கக் காற்றறைகள். அச்சு குத்தினால் பிறை வடிவத்தில் ஒரு ஜன்னல் கம்பி வலை! எந்த ஓவியராலும் இவ்வளவு வேகமாக வரைய முடியாது. பந்தி முடிந்ததும் தூக்கி எறிகிறோமே!

ஆப்பிளை எல்லோரும் நெடுக்கே வெட்டுவார்கள். நீங்கள் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் 5 முனை நட்சத்திரம்!

பாகற்காயில் விதையைச் சுரண்டினால் நெளிநெளியான பூச்சட்டம். முட்டைக்கோஸை நெடுக்கே பிளந்தால் கிளை விரித்த மரம். வெங்காயத்தில் வளையத்துக்குள் வளையம். எலுமிச்சையில் ஆரக்கால் வைத்த சக்கரம். குடைமிளகாயில் 3 அல்லது 4 மடல்! (3 மடல் ஆண், 4 மடல் பெண் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது சுத்தப் பொய்!)

உருளைக்கிழங்கு அச்சு ஏன் சொதப்புகிறது தெரியுமா? வெட்டிய முகத்தில் கசியும் தண்ணீர்தான் வில்லன்! பழைய செய்தித்தாளில் நன்றாக ஒற்றிவிட்டு மை தொடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்!

கிழங்கில் முத்திரை செதுக்குவது குழந்தை விளையாட்டு என்று நினைத்தீர்களா? ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டைக்கு அது பழகிய வழி! உருளை, சர்க்கரைவள்ளி இரண்டையும் செதுக்கி அச்சு குத்துவார்கள். ‘இமோஹான்’ என்று தனிப் பெயரே உண்டு!

அந்தப் புத்தாண்டு அட்டைக்குப் பெயர் ‘நெங்காஜோ’. 2003-இல் அந்த நாட்டு அஞ்சல் துறை எத்தனை அட்டை வெளியிட்டது தெரியுமா? 440 கோடிக்கும் மேல்! நாட்டு மக்கள்தொகையோ 13 கோடிகூட இல்லை!

டிசம்பர் மாதத்தில் குறித்த நாளுக்குள் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். முன்கூட்டி யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மொத்தத்தையும் சேர்த்து வைத்து, ஜனவரி 1 அன்றுதான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்!

இன்னொன்று கேளுங்கள். அஞ்சல் துறை விற்கும் அந்த அட்டைகளில் லாட்டரி எண் உண்டு! 1949-இல் தொடங்கிய வழக்கம். முதல் குலுக்கலின் பெரிய பரிசு ஒரு தையல் இயந்திரம்! அட்டை அனுப்புகிறவர் ஒருவர், பரிசு வாங்குகிறவர் இன்னொருவர். இப்படி ஒரு வாழ்த்து வந்தால் யாருக்குத்தான் கசக்கும்!

வீட்டிலேயே நெங்காஜோ அச்சடிக்க 1977-இல் ‘பிரிண்ட் கோக்கோ’ என்றொரு குட்டிப் பெட்டி வந்தது. பளிச்சென்று ஒரு பல்பு எரியும், அச்சுத் தகடு தயார்! விற்றது 1 கோடிக்கும் மேல்!

சரி, ரப்பருக்கு வருவோம். உங்கள் பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருக்கும் அழிரப்பர், அருமையான முத்திரைக் கட்டை! ஜப்பானின் நான்சி செகி என்ற எழுத்தாளர், தொலைக்காட்சி விமர்சனம் எழுதிக்கொண்டே பிரபலங்களின் முகங்களை அழிரப்பரில் செதுக்கித் தள்ளினார். 39 வயதில் மறைந்தார். விட்டுச் சென்ற முத்திரைகள் 5000-க்கும் மேல்!

ரப்பர் வருவதற்கு முன் பென்சில் கோட்டை எதைக் கொண்டு அழித்தார்கள்? ரொட்டித் துண்டால்!

ரப்பர் ஸ்டாம்ப் பிறந்ததற்கு சார்லஸ் குட்இயர்தான் மூலகாரணம். கந்தகம் கலந்து சூடுபடுத்தினால் ரப்பர் உருகாது, விறைக்காது என்று 1839-இல் கண்டுபிடித்தார். உலகமே சம்பாதித்தது. அவர் 1860-இல் இறந்தபோது மிச்சம் வைத்தது கடன் மட்டும்தான். சுமார் 2 லட்சம் டாலர்!

‘பொங்கல்’ என்று அழிரப்பரில் செதுக்கப் போகிறீர்களா? எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி இருக்க வேண்டும். தப்பிப்பது இரண்டே இரண்டு: ப-வும் மெய்யின் புள்ளியும்! திருப்பினாலும் அதே முகம்!

திருப்பி எழுதத் தெரியவில்லையா? கவலையே வேண்டாம். பட்டர் பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் நேராக எழுதுங்கள். எழுதிய பக்கத்தை ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே திரும்பி உட்காரும்!

ஒரு பறவை முத்திரை செதுக்கினால், ஒரு முறை மை தொட்டு எத்தனை முறை குத்தலாம்? மூன்று! முதல் பறவை கருமை, இரண்டாவது வெளிறல், மூன்றாவது வெறும் நிழல். ஒரே முத்திரையில் பக்கம், தூரம், வெகுதூரம்! மையும் மிச்சம்!

ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ ஒளிந்திருப்பதுபோல் காட்ட வேண்டுமா? முதல் பூவைக் குத்துங்கள். அதே வடிவத்தில் வெட்டிய காகிதத்தால் அதை மூடுங்கள். மேலேயே அடுத்ததைக் குத்துங்கள். காகிதத்தை எடுங்கள். 10 விநாடி வேலை, பார்ப்பவர்கள் வாய் பிளப்பார்கள்!

இப்போது என் செல்லக் கண்டுபிடிப்பு. வெள்ளை அட்டையில் மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காயவிடுங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் வெண்டைக்காயைத் தொட்டுக் குத்துங்கள். நிறமே இல்லாத தண்ணீர் பட்ட இடத்தில் செக்கச் சிவந்த பூ! ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே மாயம்தான்!

வித்தை இன்னும் முடியவில்லை. அந்தச் சிவப்புப் பூமேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். பூ மறுபடியும் மஞ்சள்! (சுண்ணாம்பைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.)

எலுமிச்சைச் சாற்றையே மையாகத் தொட்டுக் குத்தினால்? காய்ந்ததும் அட்டை காலி! வெற்று அட்டையைத் தோழிக்குக் கொடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கச் சொல்லுங்கள். பழுப்பு நிறத்தில் உங்கள் வாழ்த்து எழுந்து வரும்!

கல்யாணப் பத்திரிகையில் விரலால் தடவினால் எழுத்து மேடாக இருக்குமே, அது எப்படி? ஈர மைமேல் பொடி தூவி, சூடு காட்டுகிறார்கள். பொடி உருகி மேடாகிறது! கடையில் எம்பாசிங் பவுடர் வாங்கினால் வீட்டு அட்டையிலும் அதே மேடு! மை மட்டும் மெதுவாகக் காய்கிற பிக்மென்ட் மையாக இருக்க வேண்டும். சட்டென்று காய்ந்துவிட்டால் பொடி ஒட்டாது!

இலையில் மை தடவுகிறீர்களா? பளபளப்பான மேல்பக்கத்தை விடுங்கள். நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம்தான் தங்கம்!

இந்த வேலையை லியனார்டோ டாவின்சியே செய்திருக்கிறார்! இலையில் வண்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றினார். அவர் குறிப்பேட்டில் ஒரு சேஜ் இலை இன்றும் பதிந்து கிடக்கிறது. 500 ஆண்டு ஆகிறது!

பெஞ்சமின் பிராங்க்ளின் இன்னும் கில்லாடி. கள்ள நோட்டைத் தடுக்க 1730-களிலேயே பணத்தாளில் இலை அச்சைப் போட்டார். இலை நரம்பை அப்படியே நகலெடுக்க எந்தத் திருடனால் முடியும்!

விலையே இல்லாத முத்திரை உங்களிடம் பத்து இருக்கிறது. விரல்! கட்டைவிரல் ரேகையைக் குத்தி, இரண்டு கால், ஒரு மூக்கு வரைந்தால் குருவி. காது வரைந்தால் முயல். எட் எம்பர்லி என்ற அமெரிக்க ஓவியர் இதை வைத்தே 1977-இல் ஒரு புத்தகம் போட்டுவிட்டார்!

உங்கள் ரேகை பதிந்த அட்டையை உலகில் வேறு யாராலும் செய்ய முடியாது. இரட்டையர்களுக்குக்கூட ரேகை மாறும்! உலகின் முதல் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று எங்கே தொடங்கியது தெரியுமா? லண்டனில் இல்லை, நியூயார்க்கில் இல்லை. 1897-இல் நம் கல்கத்தாவில்!

பார்சலில் வரும் குமிழ்த் தாளைப் பட்பட்டென்று உடைக்காதீர்கள். வண்ணம் பூசிக் குத்தினால் அட்டை முழுக்கத் தேன்கூடு! அந்தத் தாள் 1957-இல் பிறந்தபோது பொட்டலம் கட்டவே நினைக்கவில்லை. சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் செய்தார்கள்!

கானா நாட்டில் துணியில் குத்தும் ‘அடிங்க்ரா’ முத்திரையை எதில் செதுக்குகிறார்கள்? சுரைக்குடுவை ஓட்டில்! 1817-ஐச் சேர்ந்த அப்படிப்பட்ட துணி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

குஜராத், ராஜஸ்தான் பக்கம் துணிக்கு அச்சு குத்தும் தேக்குக் கட்டைகளில் குட்டிக் குட்டித் துளைகள் இருக்கும். அலங்காரம் என்று நினைக்காதீர்கள். உள்ளே மாட்டும் காற்று வெளியேறும் வழி! உங்கள் பெரிய உருளைக்கிழங்கு அச்சின் நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறதா? அதே காற்றுதான்! ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, மெல்ல உருட்டி அழுத்துங்கள். ஓடிவிடும்!

குஜராத்தில் அச்சு குத்திய பருத்தித் துணி எகிப்தின் ஃபுஸ்தாத் நகர மண்ணுக்குள் கிடைத்திருக்கிறது. சிலவற்றின் வயது ஏறத்தாழ 1000 ஆண்டு!

ஜப்பான் ரயில் நிலையங்களில் பயணிகளே நோட்டில் குத்திக்கொள்ள ரப்பர் முத்திரை காத்திருக்கும். இனாம்! 1931-இல் ஃபுகுய் நிலையத்தில் ஆரம்பித்தது.

கிரீட் தீவில் 1908-இல் ஒரு சுட்ட களிமண் தட்டு கிடைத்தது. இரு பக்கமும் 45 விதமான குறிகள். கையால் கீறவில்லை. ஒவ்வொன்றும் முத்திரையால் குத்தியது! மொத்தம் 241 குத்தல். என்ன எழுதியிருக்கிறது? இன்றுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை!

கடைசியாக ஒன்று. உலகின் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் வந்தது. செய்ய வைத்தவர் ஹென்றி கோல், வரைந்தவர் ஜான் ஹார்ஸ்லி. நண்பர்களுக்குக் கைப்படக் கடிதம் எழுத நேரமில்லாமல்தான் இந்த ஏற்பாடே! அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி, ஒன்று 1 ஷில்லிங்குக்கு விற்றார்கள். கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய பிரதி 2001-இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 20,000 பவுண்டு. பழைய கணக்கில் 20 ஷில்லிங் 1 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள்... 4 லட்சம் மடங்கு!