விமானத்துக்கு நாடி பிடிப்பது யார்?

ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றில் குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சுரபி நதிக்கரையில் கூட்டம் நெரியும். எள் விளக்கு ஏற்றிவிட்டு ஒரு அப்பத்தா கண்மூடி நிற்பார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "பேரன் இன்னைக்கு மதுரையில ப்ளேன் ஏறுறான். துபாய் போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது சாமி" என்பார்.

அப்பத்தா தூங்காமல் இருப்பது இருக்கட்டும். பேரன் ஏறும் விமானத்தின் பைலட் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறாரா? அதைப் பார்ப்பது யார்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை!

மங்களூரில் கேட்ட குறட்டை

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியளவில் மங்களூரில் இறங்கியது. ஓடுபாதையின் நீளம் 8,000 அடி. விமானம் தரையைத் தொட்டதோ சுமார் 5,200 அடி தாண்டி! நிற்க இடமில்லாமல் பள்ளத்தில் பாய்ந்து தீப்பிடித்தது. இருந்த 166 பேரில் 158 பேர் பலி. பிழைத்தவர்கள் எட்டே பேர்.

விசாரணைக் குழு, விமானி அறையின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டது. அதில் குறட்டைச் சத்தம்! கேப்டன் ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம் தூங்கியிருக்கிறார். இறங்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் எழுந்திருக்கிறார். "வேண்டாம், மறுபடி மேலே ஏறிவிடலாம்" என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென எழுப்பினால் உங்களுக்கு என்ன ஆகிறது? கண் திறந்திருக்கும், மூளை விழித்திருக்காது. சிலருக்கு இந்த மந்தம் அரை மணி நேரம்கூட நீடிக்கும். அதுவும் இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு வரை உடம்பின் விழிப்பு மிகவும் தாழ்ந்து கிடக்கும் நேரம். வைராக்கியத்தால் இதை வெல்ல முடியாது.

குமுளி மலைப்பாதையில் டிரைவருக்குக் கண் சொக்கினால் நாம் என்ன செய்வோம்? "அண்ணே, வண்டியை ஓரங்கட்டுங்க. முகம் கழுவி ஒரு டீ குடிச்சிட்டு எடுங்க" என்போம். வானத்தில் டீக்கடை இல்லையே! அதனால்தான் அந்த வேலையைச் சட்டம் செய்ய வேண்டியிருக்கிறது.

பிரஷர் பார்ப்பது போல...

'இந்த வருஷம் விபத்தே இல்லை, ஆகவே பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று சொல்லலாமா? கூடாது. மாரடைப்பு வராததால் பிரஷர் சரியாக இருக்கிறது என்று நினைப்பது போன்ற தப்பு அது. டாக்டர் பிரஷரையும் சர்க்கரையையும் முன்கூட்டியே அளக்கிறார் அல்லவா? விமானத்திலும் அப்படித்தான். அதிக வேகத்தில் இறங்கியது, தடாலென்று தரையில் மோதியது, தள்ளிப்போய் இறங்கியது என எல்லாமே கருவியில் பதிவாகும். அவற்றை எண்ணிப் பார்த்தால், வரப்போகும் ஆபத்து முன்னாலேயே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் இதையெல்லாம் கண்காணிப்பது டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பைலட்டுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது தொடக்கூடாது. ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல்முறை சிக்கினால் 3 மாதமும், இரண்டாம் முறை 3 வருஷமும் லைசென்ஸ் முடக்கம். மூன்றாம் முறை லைசென்ஸே போய்விடும்!

டாக்டருக்கே செக்-அப்!

டி.ஜி.சி.ஏ.வைப் பரிசோதிக்கவும் ஆள் உண்டு. ஐ.நா.வின் ஐகாவோ அமைப்பு ஒவ்வொரு நாட்டின் கண்காணிப்புக்கும் மார்க் போடுகிறது. 2018-ல் இந்தியா எடுத்தது 69.95 சதவீதம். 2022-ல் 85.65. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 2014 ஜனவரியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதவில்லை என்று அமெரிக்கா நம்மை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. ஆட்களைச் சேர்த்துச் சரிசெய்து, 2015 ஏப்ரலில்தான் பழைய தரத்தை மீட்டோம்.

பாடம் படித்தோமா? 2025 ஜூன் 12-ல் அகமதாபாத் விபத்து 260 உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் நாடாளுமன்றக் குழு கொடுத்த அறிக்கையில், டி.ஜி.சி.ஏ.வின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலி என்று இருந்தது. ஆஸ்பத்திரி பெரிதாகிக்கொண்டே போகிறது. டாக்டர் நாற்காலி மட்டும் காலி!

விதி வந்தது, தளர்ந்தது

பைலட்டுகளின் களைப்பைக் குறைக்க 2024-ல் புது விதி அறிவித்தார்கள். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவுப் பணியில் ஆறு தரையிறக்கம் வரை இருந்த அனுமதி இரண்டாகக் குறைந்தது. 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக விதி அமலுக்கு வந்தது. டிசம்பரில் என்ன ஆனது? இண்டிகோ நிறுவனத்தால் அதற்கேற்ற பைலட்டுகளை ஏற்பாடு செய்ய முடியவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. பயணிகள் தவித்தார்கள். அரசு அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது.

பயணிகளின் தவிப்பு நியாயமானதே. ஆனால் விதியைத் தளர்த்தினால் மூளையின் களைப்பு தளர்ந்துவிடுமா? அன்றைக்கு விமானம் கிளம்பலாம். களைப்பும் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* 'பைலட்டின் பணி நேரம் முடிந்துவிட்டது, வேறு பைலட் வர வேண்டும்' என்று தாமதம் சொன்னால் கவுண்ட்டரில் சண்டை போடாதீர்கள். அந்தத் தாமதம் உங்கள் உயிருக்கான காப்பு. சாப்பாடும் தகவலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

* விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கும்வரை சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

* பவர் பேங்க்கை லக்கேஜில் போட்டு அனுப்பாதீர்கள். கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

* அவசரமாக வெளியேறச் சொன்னால் பையைத் தேடாதீர்கள். உங்கள் பின்னால் நிற்பவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

* ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி.யிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: "விமான ஆய்வாளர் வேலையெல்லாம் நிரப்பியாச்சா?"

சனீஸ்வரன் ஆளைப் பார்த்துச் சலுகை காட்டமாட்டார் என்பது நம் ஊர் நம்பிக்கை. விமானத்தைச் சோதிக்கும் அதிகாரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்பத்தா எள் விளக்கு ஏற்றட்டும். பைலட் தூங்கி எழுந்து வந்தாரா என்று கணக்குக் கேட்கும் வேலை மட்டும் நம்முடையது.